பூமி பங்கு பிரித்த கணக்கு: வாசகர் கேள்விகளுக்கு ஒரு நிலவியலாளரின் பதில்கள்

கனிமத் தேடலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இயற்கை வளங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் பதில்கள் பாறைப் பக்கமே சாய்ந்திருக்கும். பொருளியல் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சில நாடுகளில் எண்ணெய், சில நாடுகளில் தங்கம், சில நாடுகளில் எதுவுமே இல்லை. வகுப்பில் பிள்ளைகள் ‘ஏன்?’ என்று கேட்கிறார்கள். ‘இயற்கை அப்படி’ என்பதைத் தவிர என்ன சொல்வது? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: டீச்சர், முதலில் ‘எதுவுமே இல்லாத நாடு’ என்பதைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள். உலகின் எந்த மூலையில் ஒரு பிடி மண்ணை அள்ளினாலும் அதில் அலுமினியம் உண்டு, இரும்பு உண்டு, துளியூண்டு செம்பும் உண்டு. புவியோட்டின் எடையில் ஏறத்தாழ 8 சதவீதம் அலுமினியம், 5 சதவீதம் இரும்பு. செம்பு மட்டும் கஞ்சத்தனமாகத்தான் இருக்கிறது: சராசரியாக ஒரு டன் பாறைக்கு 50, 60 கிராம். அதை உடைத்து அரைத்துச் செம்பு எடுத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஒரு டன்னில் ஐந்தாறு கிலோவாவது இருந்தால்தான் சுரங்கக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதாவது, சராசரியைப்போல நூறு மடங்கு செம்பை ஏதோ ஒன்று அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும். அந்தச் சேர்ப்பு வேலையைச் செய்தது எது, அது ஏன் எல்லா இடத்திலும் நடக்கவில்லை என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள்.

சிலி நாட்டைப் பாருங்கள். உலகில் தோண்டப்படும் செம்பில் ஏறக்குறைய கால் பங்கு அங்கிருந்து வருகிறது. பசிபிக் கடலடியிலுள்ள நாஸ்கா தட்டு (புவியோட்டின் நகரும் பெருந்துண்டுகளில் ஒன்று) தென் அமெரிக்காவுக்கு அடியில் நுழைந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. கடலடிப் பாறை தன்னோடு இழுத்துச் சென்ற நீர் ஆழத்துச் சூட்டில் வெளியேறி, மேலே உள்ள பாறைக்குள் புகுகிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். அப்படி உருகிய குழம்பு மேலேறி, தரைக்குச் சில கிலோமீட்டர் கீழே தங்கிக் குளிரும்போது அதிலிருந்து கொதிநீர் பிரிகிறது. குளோரினும் கந்தகமும் கலந்த அந்த நீர்தான் செம்பைச் சுமந்து வந்து பாறை விரிசல்களில் இறக்கி வைக்கிறது. அதோடு முடியவில்லை. மேலடுக்கில் இருந்த செம்பைப் பிற்காலத்து மழைநீர் கரைத்துக் கீழே கொண்டுபோய் இன்னும் அடர்த்தியாக்கியது. பிறகு அடகாமா வறண்டு பாலைவனமானதால் சேர்ந்த சொத்து அரித்துப் போகாமல் தப்பியது. எரிமலை, மழை, வறட்சி என்று வரிசை மாறாமல் வந்திருக்கிறது. வரிசை மாறிய இடங்களில் துளையிட்டு, பெட்டி பெட்டியாக வெறும் சாம்பல் நிறப் பாறைத் துண்டுகளைப் பார்த்து அலுத்தவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஒவ்வொரு பொருளுக்கும் கதை வேறு. மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்பு மலைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடியில் படிந்தவை. அன்றைய கடல்நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் அதைத் துருவாக்கி அடியில் தள்ளியது. உலகின் பிளாட்டினம் இருப்பில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் என்ற ஒரே பாறைத்தொகுதியில் இருக்கிறது. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் உள்ளே புகுந்து உறைந்த பாறைக்குழம்பு அது. அங்கே சுரங்கக்காரர்கள் துரத்திக்கொண்டு போகும் அடுக்கின் தடிமன் ஒரு மீட்டர் அளவுதான்.

எண்ணெய்க்கு நிபந்தனைகள் அதிகம். கடலில் செத்த நுண்ணுயிர்கள் அழுகாமல் சேற்றில் புதைய வேண்டும். அந்தச் சேறு, தண்ணீர் கொதிக்கும் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் எண்ணெய் பிறக்காது, கூடினால் வாயுவாகிவிடும். பிறந்த எண்ணெய் தங்க நுண்துளையுள்ள பாறை வேண்டும், அதன் தலைமேல் கசியாத மூடி வேண்டும். எண்ணெய் நிலத்துக்கடியில் ஏரியாகத் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நனைந்த செங்கல்லுக்குள் நீர் இருப்பதுபோலத்தான் அது பாறைக்குள் இருக்கிறது. சவூதி அரேபியாவில் 1948இல் கண்டறியப்பட்ட கவார் வயலில் இத்தனையும் ஒன்றுகூடின. அதன் நீளம் மட்டும் சுமார் 280 கிலோமீட்டர்.

நாட்டு எல்லைகளெல்லாம் இதற்கு வெகு காலம் கழித்து வந்தவை. உலகின் மிகப்பெரிய எரிவாயு வயல் கத்தாருக்கும் ஈரானுக்கும் நடுவே கடலடியில் கிடக்கிறது. ஒருவர் உறிஞ்சினால் மற்றவர் பக்கத்து வாயுவும் நகர்ந்து வரக்கூடும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மறுநாள் வகுப்பில் சண்டை மூளும்.

கேள்வி: செம்பு இன்னும் நாற்பது ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: நான் வேலையில் சேர்ந்த நாளிலும் நாற்பது ஆண்டு என்றுதான் சொன்னார்கள். ‘இருப்பு’ என்று பட்டியலில் போடுவது பூமியில் உள்ள மொத்தச் செம்பை அல்ல. துளையிட்டு அளந்து, இன்றைய விலைக்கும் இன்றைய தொழில்நுட்பத்துக்கும் எடுக்கக் கட்டுப்படியாகும் என்று உறுதியான அளவு மட்டுமே அதில் ஏறும். 1970இல் உலகச் செம்பு இருப்பு சுமார் 28 கோடி டன். அதற்குப் பிறகு அதைவிட அதிகமாகவே தோண்டி எடுத்துவிட்டோம். இன்றைய இருப்போ 80 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. எந்த நிறுவனமும் நூறு ஆண்டுகள் கழித்துத் தோண்டப்போவதற்கு இன்றே பணம் செலவழித்துத் துளையிடாது. அதனால்தான் அந்த நாற்பது நகராமல் அங்கேயே நிற்கிறது.

ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடாதீர்கள். எனக்குக் கவலை தரும் எண் வேறு. அமெரிக்காவின் பிங்காம் கேன்யன் சுரங்கம் 1906இல் தொடங்கியபோது அங்கிருந்த 2 சதவீதத் தாது ரொம்ப மட்டமானது, தேறாது என்று பலர் கேலி செய்தார்கள். இன்று உலகின் பெரிய சுரங்கங்களில் அரை சதவீதம் சகஜம். 2 சதவீதத் தாதுவில் ஒரு டன் செம்புக்கு 50 டன் பாறையை அரைத்தால் போதும். அரை சதவீதத்தில் 200 டன். மேலே மூடியிருக்கும் வெறும் பாறையை அகற்றுவது இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அத்தனையையும் மாவாக அரைக்க மின்சாரம் வேண்டும், பிரித்தெடுக்க நீர் வேண்டும். சிலியின் எஸ்கொண்டிடா சுரங்கத்துக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கி, 3,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலைக்கு ஏற்றுகிறார்கள். செம்பு எடுத்தபின் மிஞ்சும் சேற்றை அணை கட்டித் தேக்க வேண்டும். அந்த அணைகள் உடைவதும் உண்டு. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் ஓர் இரும்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து 270 பேர் இறந்தார்கள். சேறு பாய்ந்த வழியில் சுரங்க ஊழியர்களின் உணவுக்கூடம் இருந்தது. கழிவு அணைக்கு நேர் கீழே அதைக் கட்ட ஒப்புதல் தந்த மூளையை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடியவில்லை.

கேள்வி: மண்ணில் வளம் இல்லாத நாடு முன்னேற முடியாதா?

பதில்: ஐஸ்லாந்தில் அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடையாது. ஆனாலும் அலுமினியம் அதன் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்று. ஒரு கிலோ அலுமினியம் உருக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் தேவை. ஐஸ்லாந்திடம் அருவிகளும் நிலத்தடி வெப்பமும் உண்டு. மூலப்பொருள் கப்பலேறி மின்சாரத்தைத் தேடி வருகிறது.

எது வளம் என்பதே காலத்துக்குக் காலம் மாறும். 1884இல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியப் பிரமிடு வைத்தார்கள். அன்று அது வெள்ளியோடு வைத்துப் பேசப்பட்ட உலோகம். இரண்டே ஆண்டில் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும், இருபத்து மூன்று வயதைத் தாண்டாத இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே அதை மின்சாரத்தால் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். அதன்பின் அதன் மவுசு போயிற்று.

எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. அடகாமா பாலையின் வெடியுப்புக்காக (நைட்ரஜன் அடங்கிய நைட்ரேட் உப்பு) 1879இல் சிலி, பெரு, பொலிவியா மூன்றும் போரிட்டன. போர் முடிந்தபோது பொலிவியா தன் கடற்கரையையே இழந்திருந்தது. அத்தனை மதிப்பு அந்த உப்புக்கு, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் அதுதான் ஆதாரம் என்பதால். 1909இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹாபர் காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா எடுத்துக் காட்டினார். 1913இல் ஜெர்மனியில் அதற்கு ஆலை ஓடத் தொடங்கியது. பாலைவன உப்பு ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அவற்றில் ஒன்றான ஹம்பர்ஸ்டோன் இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பொலிவியாவுக்குக் கடல் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

கேள்வி: ‘வளம் ஒரு சாபம்’ என்கிறார்களே?

பதில்: எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. பாறை யாரையும் சபிப்பதில்லை. போட்ஸ்வானா விடுதலை பெற்றது 1966இல். அடுத்த ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. கனிம உரிமையை இனக்குழுக்களின் கையிலிருந்து அரசின் கைக்கு மாற்றி, வந்த பணத்தில் பள்ளியும் சாலையும் போட்டார்கள். நார்வே எண்ணெய் வருவாயைச் சேமிக்க 1990இல் சட்டம் போட்டது. சபிக்கப்பட்டவர்களாகத் தெரியவில்லை.

நவுருவைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பசிபிக்கின் நடுவே 21 சதுர கிலோமீட்டர் தீவு. பழம் பவளப்பாறைத் தூண்களுக்கு நடுவே இருந்த பள்ளங்களில் உரத்துக்கான உயர்தரப் பாஸ்பேட் நிரம்பியிருந்தது. 1900களின் தொடக்கத்தில் தோண்டத் தொடங்கினார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டாக எடுத்து, சந்தை விலைக்கும் குறைவாகத் தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தன. 1968இல் நவுரு விடுதலை பெற்றது. சில காலம் ஆளுக்கான வருமானத்தில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றாகவும் இருந்தது. பணம் மோசமான முதலீடுகளில் கரைந்தது. தீவின் ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்டுவிட்டது. பாஸ்பேட்டை வாரியபின் மிஞ்சியது ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் கூரிய சுண்ணாம்புத் தூண்கள். அங்கே நடக்கவும் முடியாது, பயிரிடவும் முடியாது. மக்கள் கரையோரத்து ஒல்லியான நிலப்பட்டையில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். 1989இல் நவுரு ஆஸ்திரேலியாவைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993இல் சமரசம் ஆயிற்று.

அந்தப் பாஸ்பேட் இப்போது எங்கே? அதிலுள்ள பாஸ்பரஸ் ஒரு தனிமம், அதை யாராலும் அழிக்க முடியாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வயல்களில் தூவப்பட்டு, கொஞ்சம் பயிரில் ஏறி, மிச்சம் மண்ணோடு ஒட்டி, மழையில் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்விட்டது. அதன் அணு ஒன்றுகூடக் குறையவில்லை. திரும்பப் பொறுக்க முடியாதபடி இறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். முதல் கேள்விக்குச் சொன்ன சேர்ப்பு வேலையைப் பூமி கோடிக்கணக்கான ஆண்டுகள் செய்தது. நாம் ஒரு நூற்றாண்டில் பிரித்து இறைத்துவிட்டோம். வளத்தை ‘உபயோகிப்பது’ என்று நாம் சொல்வதில் பாதி இந்த இறைப்புதான். நைட்ரஜனுக்கு ஹாபர் கண்ட வழி பாஸ்பரசுக்குக் கிடையாது, காற்றில் அது இல்லை. உலகப் பாஸ்பேட் இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சகாராவிலும் இருக்கிறது. எண்ணெயைப் பற்றிப் பேசுகிறவர்களில் பத்தில் ஒருவராவது இதைப் பற்றிப் பேசக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

கேள்வி: தனிமம் அழியாது என்றால், எந்த வளமும் பூமியை விட்டுப் போவதில்லையா?

பதில்: ஹீலியம் போகிறது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது பாறைக்குள் பிறந்து, எரிவாயுவோடு சேர்ந்து சிறைப்பட்டிருக்கும் வாயு அது. அமெரிக்காவிலும் கத்தாரிலும் எரிவாயுவிலிருந்து பிரிக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தத்தைக் குளிர்விப்பது அதுதான். வெளியே விட்டால் வளிமண்டலத்தின் உச்சிக்கு ஏறி, மெல்ல விண்வெளிக்கே தப்பிவிடும். பிறந்தநாள் பலூனில் அதை அடைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முகம் கோணும். வீட்டில் இதற்காகவே என்னை விழாக்களுக்குக் கூப்பிடுவதைக் குறைத்துவிட்டார்கள்.

கேள்வி: நீர் ஆவியாகி மழையாகத் திரும்ப வருகிறது. பிறகு நீர் எப்படித் தீரும்?

பதில்: மொத்தக் கணக்கு சரி. ஆனால் மழை எந்த வேகத்தில் எங்கே திரும்புகிறது என்பதில் விஷயம் இருக்கிறது. உலக நீரில் நன்னீர் இரண்டரை சதவீதம். அதிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிக்கட்டி. உறையாத மேற்பரப்பு நன்னீரில் ஐந்தில் ஒரு பங்கு பைக்கால் என்ற ஒரே ஏரியில் இருக்கிறது.

லிபியா 1980களில் தொடங்கிய ஒரு திட்டத்தின்கீழ் சகாராவின் அடியிலுள்ள மணற்கல்லிலிருந்து நீரை இறைத்துக் குழாய்வழியே கடற்கரைக்குக் கொண்டுவருகிறது. அது சகாராவில் மழை பெய்த காலத்து நீர், வயது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல். இன்று அதை நிரப்ப மழை இல்லை. எண்ணெய் எடுப்பதுபோலவே அந்த நீரையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நிலத்தடி நீர் விஷயத்தில் இன்னொன்று உண்டு, பலரும் கவனிக்காதது. கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் எடுத்த ஒரு புகைப்படம் எங்கள் துறையில் எல்லாரும் அறிந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஜோசப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் அருகே நிற்கிறார். கம்பத்தில் அவர் தலைக்கு வெகு உயரே 1925 என்று ஒரு பலகை, நடுவில் 1955, காலடியில் 1977. அந்தந்த ஆண்டில் தரை இருந்த மட்டம் அது. பாசனத்துக்கு நீரை இறைத்து இறைத்து நிலம் ஏறக்குறைய 9 மீட்டர் இறங்கியிருந்தது. களிமண் அடுக்குகளில் துகளுக்கும் துகளுக்கும் நடுவே நின்று சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது நீர். அது போனதும் களிமண் நசுங்கிவிட்டது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் அந்த அடுக்கு பழையபடி விரியாது. நீரோடு நீர் நிற்கும் இடமும் போனது.

மத்திய ஆசியாவின் ஏரல் கடலைப் பற்றியும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். 1960இல் அது சுமார் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, உலகின் நான்காவது பெரிய ஏரி. அதில் விழுந்த அமு தரியா, சிர் தரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பினார்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்துப் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். துறைமுகமாக இருந்த மொய்னாக்கில் கப்பல்கள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. ஆனால் கசக்ஸ்தான் 2005இல் வடக்குத் துண்டைத் தெற்கிலிருந்து பிரித்து ஓர் அணை கட்டியது. எதிர்பார்த்ததைவிட வேகமாக நீர் ஏறியது, உப்பு குறைந்தது, மீன்பிடிப்பு மீண்டும் தொடங்கியது. தெற்குப் பகுதிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அதன் ஆற்று நீர் இன்றும் வயல்களுக்கே போகிறது.

கேள்வி: மீன், காடு போன்றவை தானே வளர்பவை. அவற்றுக்குப் பயமில்லைதானே?

பதில்: கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் 1968இல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் காட் மீன் பிடித்தார்கள். மீன் அருகிப்போய், 1992இல் கனடா அரசு மீன்பிடிப்பை நிறுத்தியது, இரண்டே ஆண்டுக்கு என்று சொல்லி. அந்தத் தடை முழுதாக விலக 2024 ஆயிற்று.

கேள்வி: மின்சார வண்டிக்கு மாறினால் எண்ணெய்க்குப் பதில் லித்தியம், கோபால்ட் என்று வேறொரு கூட்டத்திடம் கையேந்துவோம். இதில் என்ன லாபம்?

பதில்: கையேந்துவோம் என்பது உண்மை. கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. மின்மோட்டார் காந்தங்களுக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களைச் சுத்திகரிப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்துக்கு நிலவியலைக் குறை சொல்ல வேண்டாம். அவற்றில் ஒன்றான சீரியம் புவியோட்டில் செம்புக்குச் சமமாகவே இருக்கிறது. 1980கள் வரை கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கமே உலகுக்கு முக்கிய மூலமாக இருந்தது. ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் பதினைந்து பதினாறு தனிமங்களைப் பிரிக்க அமிலத் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் வேண்டும். கதிரியக்கம் உள்ள தோரியக் கழிவும் மிஞ்சும். அந்த அழுக்கு வேலையைச் செய்ய ஒரு நாடு முன்வந்தது, மற்ற நாடுகள் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தன. இப்போது குத்துது, குடையுது என்கின்றன.

லாபம் ஒன்று உண்டு. எண்ணெய் எரிந்தால் புகையாகக் காற்றில் பரவிவிடும், பொறுக்க முடியாது. பேட்டரியிலுள்ள கோபால்ட் பேட்டரிக்குள்ளேயே இருக்கும், தாதுவில் இருந்ததைவிட அடர்த்தியாக. பழைய அலுமினியத்தை உருக்கினால் புதிதாக எடுக்க ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். ஆனால் பழைய கைபேசியை மேசை இழுப்பறையில் போட்டு வைப்பதும் இறைப்புதான். என் இழுப்பறையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். நிலவியல் எடுக்கலாமா? வேலை கிடைக்குமா?

பதில்: எடுக்கலாம். என் தலைமுறையில் நிலவியல் என்றால் சுத்தியலும் கூடாரமும்தான். இன்று நிலத்தடி நீர் கணக்கிட, கழிவு அணைகள் நகர்கின்றனவா என்று செயற்கைக்கோள் தரவில் பார்க்க, எரிவாயு எடுத்த நிலம் அதிர்கிறதா என்று கவனிக்க ஆள் வேண்டும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயு எடுத்ததால் நிலம் நடுங்கி, வீடுகள் விரிசல் விட்டு, 2023 அக்டோபரில் உற்பத்தியை நிறுத்தினார்கள். அங்கே நிலவியல் படித்தவர்களின் வேலை வயலை மூடியதோடு முடியவில்லை. கல்லூரியில் சேரும்போது கணிதத்தையும் வேதியியலையும் கூடவே எடுங்கள். மலையேறப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டில் படிகவியல் உங்களைக் கீழே இறக்கிவிடும்.